ஐந்து குத்துகள், ஐந்து சுருள்கள்: கிழக்காசியப் போர்க்கலைகளில் இயற்கை

(பொது நூலக அரங்கு ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

கராத்தே, டேக்வாண்டோ வகுப்பு முடிந்து சீருடையோடு நேராக இங்கே வந்திருக்கும் பிள்ளைகளையும் பார்க்கிறேன். உங்களுக்கும் இந்தப் பேச்சில் வேலை இருக்கிறது.

புரூஸ் லீயை அறியாதவர் இந்த அரங்கில் இருக்க மாட்டார்கள். அவர் படம் ஒன்றுகூடப் பார்க்காதவர்களுக்கும் அவர் சொன்ன ஒரு யோசனை தெரியும்: தண்ணீரைப் போல இருக்க வேண்டும் என்பது. 1971இல் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் அவருடைய பாத்திரம் இதைப் பேசியது. அதே ஆண்டு கனடாவைச் சேர்ந்த பத்திரிகையாளர் பியர் பெர்டன் ஹாங்காங்கில் எடுத்த பேட்டியில் அவர் அதைத் திரும்பச் சொன்னார். இன்று அது டி-சர்ட்டிலும் சுவரொட்டியிலும் தன்னம்பிக்கை வகுப்புகளிலும் வந்துவிட்டது. 2019இல் ஹாங்காங் தெருக்களில் போராடியவர்கள் அதையே உத்தியாக எடுத்துக்கொண்டார்கள். ஓரிடத்தில் தேங்கி நிற்காமல் கலைவது, இன்னோர் இடத்தில் கூடுவது என்று.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எதிரே ஒருவன் கை ஓங்கி வருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நொடியில் தண்ணீராக இருப்பது எப்படி? எந்தக் காலை எங்கே வைக்க வேண்டும்? தோளை இறுக்க வேண்டுமா, தளர்த்த வேண்டுமா? இதற்குப் பதில் இல்லாவிட்டால் தண்ணீர் என்பது அழகான பேச்சு மட்டுமே.

சீனம், ஜப்பான், கொரியா மூன்றிலும் இதற்குப் பதில் வைத்திருந்தார்கள். நீர், நெருப்பு, மரம், மலை, காற்று என்று அவர்கள் சொன்னபோது, பெரும்பாலும் உடம்புக்கு ஒரு கட்டளை இட்டார்கள். அந்தக் கட்டளைகள் சில எப்படி வேலை செய்தன, எங்கிருந்து வந்தன, எந்த இடத்தில் பொய்த்தன என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஐந்து இயற்கைப் பொருள்கள் என்றதும் நமக்குப் பஞ்சபூதம் நினைவுக்கு வரும்: நிலம், நீர், நெருப்பு, காற்று, வெளி. சீனர்களின் ஐந்து வேறு: மரம், நெருப்பு, மண், உலோகம், நீர். அதில் காற்று கிடையாது, ஆகாயம் கிடையாது. நம்முடைய பட்டியல் உலகம் எதனால் ஆனது என்று கேட்டுப் பிறந்தது. அவர்களுடையது உலகம் எப்படி மாறிக்கொண்டே இருக்கிறது என்று கேட்டுப் பிறந்தது. சீனத்தின் மிகப் பழைய நூல்களுள் ஒன்றான ‘ஷாங்ஷு’வில் ‘ஹோங்ஃபான்’ என்ற பகுதி இந்த ஐந்தையும் பேசுகிறது. அங்கே ஒவ்வொன்றுக்கும் அதன் போக்குதான் இலக்கணம். தாழ்வை நாடுவது நீர், மேலே தாவுவது நெருப்பு, வளைந்தும் நிமிர்ந்தும் வளர்வது மரம், உருக்கி வார்த்தால் வேறு வடிவம் ஏற்பது உலோகம், விதையை வாங்கி விளைச்சல் தருவது மண்.

பிறகு வந்த சிந்தனையாளர்கள் இவற்றை இரண்டு சுற்றுகளாகக் கோத்தார்கள். ஒன்று, பிறப்பிக்கும் சுற்று: மரம் நெருப்பை வளர்க்கும், நெருப்பு சாம்பலாகி மண்ணாகும், மண்ணுக்குள் உலோகம் விளையும், உலோகத்தின்மேல் நீர் பனிக்கும், நீர் மரத்தை வளர்க்கும். மற்றொன்று, அடக்கும் சுற்று: மரத்தின் வேர் மண்ணைப் பிளக்கும், மண் நீரை அணை கட்டித் தடுக்கும், நீர் நெருப்பை அணைக்கும், நெருப்பு உலோகத்தை உருக்கும், உலோகம் மரத்தை வெட்டும். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் ட்ஸோ யென் என்பவர் அரச வம்சங்கள் எழுவதையும் வீழ்வதையும்கூட இந்தச் சுழற்சியைக் கொண்டு விளக்கினார். மருத்துவம், பருவங்கள், திசைகள், சுவைகள், இசைச் சுரங்கள் எல்லாம் இதே ஐந்தின் கீழ் வந்தன. போர்க்கலை கடைசியாகத்தான் வந்தது.

எவ்வளவு கடைசியாக என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். மிங் பேரரசின் தளபதி ச்சி ஜிகுவாங், கடற்கொள்ளையரை எதிர்த்துத் தென்கிழக்குக் கடற்கரையில் போரிட்டவர். 1560ஐ ஒட்டி அவர் எழுதிய ‘ஜிஷியாவ் ஷின்ஷு’ என்ற படைப்பயிற்சி நூலில் வெறுங்கைச் சண்டைக்கு ஒரு பகுதி இருக்கிறது; முப்பத்திரண்டு நிலைகளை விளக்குகிறார். பெரிய போரில் இதற்கு உபயோகம் கிடையாது, கைகால்களைப் பழக்க உதவும் என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறார். மரம், நெருப்பு, உலோகம் என்று அந்த நிலைகளை அவர் வகுக்கவில்லை. சிப்பாய்க்கு அது தேவைப்படவில்லை. மிங் வீழ்ந்து ச்சிங் எழுந்த பதினேழாம் நூற்றாண்டையொட்டித்தான் சண்டைப் பயிற்சியும் மூச்சுப் பயிற்சியும் தாவோயிச் சிந்தனையும் ஒன்றாகக் கலந்தன. ஷாவோலின் மடத்தைப் பற்றி 2008இல் நூல் எழுதிய வரலாற்றாசிரியர் மெயிர் ஷகர் இதை விரிவாக நிறுவியிருக்கிறார்.

அந்தக் கலப்பில் விளைந்தவற்றுள் ஐந்தையும் மிக நேராக எடுத்துக்கொண்ட கலை ‘ஷிங்யீ’. பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தளபதி யுவே ஃபெய் இதை உருவாக்கினார் என்பது மரபுக்கதை. வரலாற்றில் தடம் கிடைப்பது பதினேழாம் நூற்றாண்டில், ஷான்ஷி மாகாணத்தைச் சேர்ந்த ஈட்டி வீரர் ஜி ஜிகேயிடம். ஈட்டிக்காரனின் உடலசைவை வெறுங்கைக்கு மாற்றினால் என்ன வருமோ, அதுதான் ஷிங்யீ. நேர்கோட்டில் முன்னே போவது, எதிரியின் மையத்தைப் பிடிப்பது. அதன் அடிப்படை ஐந்தே ஐந்து குத்துகள்.

முதலாவது ‘பீ’. கோடரி இறங்குவதுபோல் கை மேலிருந்து கீழே பிளந்து இறங்கும். அது உலோகம். இரண்டாவது ‘ட்ஸுவான்’. முஷ்டி முறுக்கிக்கொண்டே கீழிருந்து மேலே, எதிரியின் தாடையை நோக்கித் துளைத்து எழும். அது நீர், நிலத்தைப் பிளந்து பீறிடும் ஊற்று நீர். மூன்றாவது ‘பெங்’. வளைவே இல்லாமல் மார்பு உயரத்தில் நேராகப் பாயும். அது மரம். நான்காவது ‘பாவ்’. ஒரு கை எதிரியின் அடியை மேலே ஏந்தித் தள்ள, அதே கணத்தில் மற்றக் கை வெடித்துப் போகும். அது நெருப்பு. ஐந்தாவது ‘ஹெங்’. முன்கை முறுகியபடி குறுக்கே கடந்து எதிரியின் விசையை மடைமாற்றும். அது மண்.

இப்போது நான் சொன்ன வரிசையைக் கவனியுங்கள். உலோகம், நீர், மரம், நெருப்பு, மண். பிறப்பிக்கும் சுற்று அப்படியே இருக்கிறது. பயிற்சியிலும் இதே வரிசைதான், அதற்கு உடல்வழிக் காரணமும் உண்டு. கீழே பிளந்து இறங்கிய கை ஏற்கெனவே தாழ்ந்திருக்கிறது. அதை முஷ்டியாக்கி முறுக்கினால் மேலே துளைக்கும் குத்து தானாக வருகிறது. ஒரு குத்து முடியும் இடத்தில் அடுத்தது தொடங்குகிறது. உலோகம் நீரைப் பெற்றெடுக்கிறது என்று ஆசிரியர் சொன்னால், இந்தக் கை நிலையிலிருந்து அந்தக் கை நிலைக்குப் போ என்று பொருள்.

அடக்கும் சுற்றை இருவர் எதிரெதிரே நின்று பழகுவார்கள். ஒருவர் நேராகக் குத்துகிறார், மரம். மற்றவர் அந்தக் கைமேல் கோடரியாக இறங்குகிறார், உலோகம். கோடரிக் கையை முதலாமவர் மேலே ஏந்தித் தள்ளிக்கொண்டே மறுகையால் வெடிக்கிறார், நெருப்பு. நெருப்பின் மேலேறிய கைக்கு அடியில் இடைவெளி விழுகிறது. அதற்குள் கீழிருந்து ஊற்று நீர் பீறிடுகிறது. எழும்பும் கையைக் குறுக்கே தள்ளித் திசை மாற்றுகிறது மண். குறுக்கே போகும் கை வழிவிட்ட மையத்தில் மறுபடி நேர்க்குத்து நுழைகிறது, மரம். சுற்று முடிந்தது, பயிற்சி முடியாது. ஓய்கிறவரை ஓடும்.

மிருதங்க வகுப்பில் சொற்கட்டை வாயால் சொல்லவைத்த பிறகே கையைத் தோலில் வைக்கவிடுவார்கள். இங்கே உலோகமும் நீரும் செய்வது அந்த வேலையைத்தான். படிப்பறிவில்லாத கிராமத்து மாணவனுக்கும் நீர் நெருப்பை அணைக்கும் என்பது தெரியும். அந்தத் தெரிந்த உறவின்மேல் ஐந்து தாக்குதல்களையும் ஐந்து பதில்களையும் ஏற்றிவிட்டால் அவன் மறக்க மாட்டான். சண்டையின் நடுவில் யோசிக்க நேரம் இருக்காது. நினைவு உடம்பில் இருந்தாக வேண்டும்.

இதை இயற்கையின் விதி என்று எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? ஷிங்யீ மரபே அதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் குவோ யுன்ஷென் என்ற புகழ்பெற்ற ஆசிரியர் இருந்தார். கொலைக் குற்றத்துக்காகச் சிறையிலிருந்தபோது காலில் விலங்கு இருந்ததால் அரையடி மட்டுமே நகர முடிந்தது, அந்த அரையடியில் நேர்க்குத்தைப் பழகிப் பழகி, வெளியே வந்தபின் அந்த ஒரே குத்தால் எல்லோரையும் வென்றார் என்று கதை. சிறைக் கதையில் எவ்வளவு உண்மையோ, அவருடைய அரையடி நேர்க்குத்தின் புகழ் உண்மை. அது மரக் குத்து. உலோகம் மரத்தை வெட்டும் என்பது மாறாத விதியானால், அவருக்கு எதிரே கோடரிக் கை தெரிந்த யாரும் வென்றிருக்க வேண்டும். வெல்லவில்லை. குத்தின் வகையைவிட குத்துகிறவனின் வேகமும் நேரமும் உழைப்பும் பெரியவை. இந்தக் கதையைச் சீடர்களே பெருமையோடு சொல்லி வந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். ஐந்தும் பாடம் நடத்தும் வழி என்பது அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது.

ஷிங்யீக்கு அண்டை வீட்டுக்காரர்கள் இருவர். ஒன்று தாய்ச்சி. ஹெனான் மாகாணத்தின் சென்ஜியாகோவ் கிராமத்தில் பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த சென் வாங்டிங்கோடு அதன் வரலாறு தொடங்குகிறது. 2020இல் யுனெஸ்கோ அதை மானுடத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதில் ஐந்தும் கையிலிருந்து காலுக்கு இறங்கிவிடுகின்றன. முன்னேறுவது, பின்வாங்குவது, இடம், வலம், நடுவில் நிலைப்பது என்ற ஐந்து காலடிகளுக்கு ஐந்து இயற்கைப் பொருள்கள். நடுவில் நிலைப்பது மண். மற்ற நான்கும் அங்கிருந்து கிளம்பி அங்கேயே திரும்ப வேண்டும்.

இன்னொன்று பாகுவா. பெய்ஜிங்கில் ஓர் இளவரசரின் மாளிகையில் பணிபுரிந்த தோங் ஹாய்ச்சுவான் பரப்பியது. அவர் இறந்தது 1882இல். ‘யி ஜிங்’ என்ற பழைய சீன நூலின், மூன்று மூன்று கோடுகளாலான எட்டுக் குறிகள் அதற்கு அடிப்படை: வானம், நிலம், இடி, காற்று, நீர், நெருப்பு, மலை, ஏரி. பாகுவாக்காரர் வட்டமாக நடந்துகொண்டே இருப்பார். திரும்பும்போது உள்ளங்கை மாறும். எட்டுத் திசை, எட்டு உள்ளங்கை மாற்றம். எதிரி எங்கே அடிக்கிறானோ அங்கே இல்லாமலிருப்பதுதான் அதன் உத்தி.

இந்த மூன்று கலைகளையும் கற்று, மூன்றுக்கும் தத்துவ நூல் எழுதியவர் சுன் லூதாங். 1915இல் ஷிங்யீ, 1916இல் பாகுவா, 1921இல் தாய்ச்சி என்று அவருடைய நூல்கள் வெளிவந்தன. ஐந்து குத்துகளை ஐந்து உறுப்புகளோடும் அவர் விளக்குகிறார்: பிளக்கும் குத்து நுரையீரலுக்கு, துளைக்கும் குத்து சிறுநீரகத்துக்கு, நேர்க்குத்து கல்லீரலுக்கு, வெடிக்கும் குத்து இதயத்துக்கு, குறுக்குக் குத்து மண்ணீரலுக்கு. முதல் நூல் வெளிவந்தபோது மன்னராட்சி விழுந்து நான்கு ஆண்டுகள்கூட ஆகவில்லை. சீனர்கள் தங்களை நோஞ்சான்கள் என்று பிறர் ஏசுவதைக் கேட்டு வெட்கிய காலம். தெருச்சண்டை என்று படித்தவர்கள் ஒதுக்கிய கலையை மருத்துவத்தோடும் தத்துவத்தோடும் இணைத்து மேடையேற்ற வேண்டிய தேவை இருந்தது. மண்ணீரல் விளக்கத்தை இன்றைய மருத்துவம் ஏற்காது. அந்தக் காலத்துக்கு அது ஒரு கௌரவச் சான்றிதழ்.

சுன் லூதாங்கின் முதல் நூலுக்குப் பதினைந்து ஆண்டுகள் முன்பு குறியீடு விபரீதமாகிப்போன ஒரு நிகழ்வும் உண்டு. 1900இல் வடசீனத்தில் யிஹேதுவான் என்ற எழுச்சி மூண்டது. பாக்ஸர் கலகம் என்று பாடநூலில் படித்திருப்பீர்கள். அதன் சில அணிகள் பாகுவாவின் அந்த எட்டுக் குறிகளின் பெயர்களையே சூடியிருந்தன. பயிற்சியும் மந்திரமும் செய்தால் தெய்வங்கள் உடம்பில் இறங்கும், துப்பாக்கிக் குண்டு துளைக்காது என்று அந்த ஏழை இளைஞர்கள் நம்பினார்கள். எட்டு நாடுகளின் படை வந்தது. குண்டுகள் துளைத்தன. கை எங்கே போக வேண்டும் என்று சொல்லித்தர இருந்த குறி, உடம்பைக் காக்கும் தாயத்தாக மாறியதன் விலை அது.

இனி ஜப்பானுக்குப் போவோம். இங்கேதான் நமக்கு உண்மையான ஓர் உறவு காத்திருக்கிறது.

உறவு என்றதும் போதிதர்மர் பெயரை எதிர்பார்க்கிறீர்கள். 2011இல் ‘ஏழாம் அறிவு’ படம் வந்தபின் காஞ்சிபுரத்திலிருந்து போன இளவரசர் சீனர்களுக்குக் குங்ஃபூ கற்றுக்கொடுத்தார் என்பது நம் வீடுகளில் உறுதியான செய்தியாகிவிட்டது. போதிதர்மரைப் பற்றிய ஆரம்பகாலச் சீனப் பதிவுகளில் ஒன்று அவரைத் தென்னிந்தியர் என்கிறது. இன்னொன்று பாரசீகர் என்கிறது. இரண்டிலும் சண்டை பற்றி ஒரு சொல் இல்லை. அவர் பெயரில் உலவும் ‘யிஜின் ஜிங்’ என்ற உடற்பயிற்சி நூல் பதினேழாம் நூற்றாண்டில் உருவானது. இதை வெளியார் யாரும் வந்து சொல்லவில்லை. தாங் ஹாவ் என்ற சீன ஆய்வாளரே 1930இல் ஷாவோலின் பற்றிய தம் நூலில் இந்தக் கதையைச் சோதித்து ஒதுக்கினார். தியான மரபின் ஆசான் என்ற பெருமை போதிதர்மருக்குப் போதும்.

உண்மையான உறவு வேறொரு துறவியிடம் இருக்கிறது. வஜ்ரபோதி. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்தியாவிலிருந்து இலங்கை, ஸ்ரீவிஜயம் வழியாகக் கடலில் பயணம் செய்து சீனம் சேர்ந்த பௌத்த ஆசாரியர். அவருடைய மாணவர் அமோகவஜ்ரர். அமோகவஜ்ரரின் மாணவர் ஹுய்குவோ. 804இல் ஜப்பானிலிருந்து புறப்பட்டு, சாங்ஆன் நகரில் ஹுய்குவோவிடம் கற்று, 806இல் நாடு திரும்பியவர் கூகாய். அவர் அங்கே நிறுவிய ஷிங்கோன் பௌத்தத்தோடு நிலம், நீர், நெருப்பு, காற்று, வெளி என்ற ஐந்தும் ஜப்பானிய மனத்தில் ஆழமாக வேர்விட்டன. தொல்காப்பியம் பட்டியலிடும் அதே ஐந்து. ஜப்பானியக் கல்லறைகளில் இன்றும் நிற்கும் ஐந்தடுக்குக் கற்கோபுரத்தைப் பாருங்கள்: கீழே சதுரம் நிலம், அதன்மேல் உருண்டை நீர், கூம்பு நெருப்பு, அரைக்கோளம் காற்று, உச்சியில் ரத்தின மணி வடிவம் வெளி.

இந்த ஐந்தைத்தான் மியாமோத்தோ முசாஷி எடுத்துக்கொண்டார். பதின்மூன்று வயதிலிருந்து இருபத்தெட்டு, இருபத்தொன்பது வயதுக்குள் அறுபதுக்கும் மேற்பட்ட ஒற்றைக்கு ஒற்றைச் சண்டைகளில் தோற்றதில்லை என்று தாமே எழுதியவர். 1643இல் குமமோத்தோவுக்கு அருகே ரெய்கன்தோ என்ற குகையில் உட்கார்ந்து எழுதத் தொடங்கி, 1645இல் இறப்பதற்குச் சற்றுமுன் சீடனிடம் ஒப்படைத்த நூல் ‘கோரின் நோ ஷோ’. ஐந்து சுருள்கள்: நிலம், நீர், நெருப்பு, காற்று, வெளி.

நிலச் சுருள் அடித்தளம். வாளின் கலையைத் தச்சனின் தொழிலோடு வைத்துப் பேசுகிறது. நீர்ச் சுருள் அவருடைய இரட்டை வாள் முறையின் நுட்பங்கள்: நிற்பது, பார்ப்பது, பிடிப்பது, வெட்டுவது. பாத்திரத்தின் வடிவத்தை ஏற்கும் நீரைப் போலப் பயிற்சியாளன் இருக்க வேண்டும் என்பது அங்கே பின்னணி. நெருப்புச் சுருள் போர்: சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள், எதிரியை இடறும் தரைக்குத் தள்ளு, அவன் தாளத்தைக் குலை. காற்றுச் சுருள் பிற வாள்பள்ளிகளின் குறைகளைச் சொல்வது. நீண்ட வாளை நம்புகிறவர்கள், கண்ணை ஓரிடத்தில் நிறுத்துகிறவர்கள், வேகத்தையே பெரிதாக எண்ணுகிறவர்கள் எல்லோருக்கும் அங்கே சாட்டை. வெளிச் சுருள் மிகச் சிறியது, ஒரு பக்கத்துக்குச் சற்று மேல். கற்றதெல்லாம் கைவந்து, மனத்தில் மூட்டம் இல்லாத நிலைதான் அவருக்கு வெளி. சிதம்பரத்து ஆகாயத்தை அதோடு அவசரப்பட்டுச் சேர்க்க வேண்டாம். இது பௌத்தச் சூனியத்தின் வழி வந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பௌத்த, கன்பூசியப் பழஞ்சொற்களைக் கடன் வாங்க மாட்டேன் என்று நூலின் தொடக்கத்தில் அறிவிக்கிறார் முசாஷி. ஆனால் நூலின் சட்டகமே பௌத்தத்தின் ஐந்து. அவர் மறந்துவிடவில்லை என்றே நினைக்கிறேன். தத்துவத்தைப் பிரசங்கம் செய்ய மாட்டேன், அதன் அலமாரியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். ஐந்து தட்டுகளில் தம் கருவிகளை அடுக்கிவைக்கிறார். நெருப்புச் சுருளில் நெருப்பைப் பற்றி வழிபாடு இல்லை. வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்ற கவலைதான் இருக்கிறது.

அவருக்கு முந்திய தலைமுறையில் தக்கேதா ஷிங்கென் என்ற பிரபு, இன்றைய யமனாஷி மாகாணத்தை ஆண்டவர், தம் போர்க்கொடியில் சுன் ட்சுவின் பழைய சீனப் போர்நூலிலிருந்து நான்கு இயற்கைப் படிமங்களை எழுதிவைத்தார்: நகர்வுக்குக் காற்று, அணிவகுப்புக்குக் காடு, தாக்குதலுக்கு நெருப்பு, நிலைகொள்ளலுக்கு மலை. சுன் ட்சு தளபதிக்கு எழுதியது. ஷிங்கென் அதைக் குதிரைப்படை கண்ணால் காணும்படி உயர்த்திப் பிடித்தார். நான்கும் நான்கு வேகங்கள். எப்போது எந்த வேகம் என்று தெரிவதே தளபதியின் வேலை.

இதுவரை உடம்பைப் பற்றிப் பேசினோம். மனத்துக்கும் இதே வழியில் பாடம் உண்டு. முசாஷியின் காலத்தவரான தக்குவான் என்ற ஜென் துறவி, ஷோகுனின் வாள் ஆசிரியரான யாக்யூ முனேனோரிக்கு எழுதிய ஒரு நூலில் பனிக்கட்டியையும் நீரையும் காட்டுகிறார். இரண்டும் ஒரே பொருள். ஆனால் பனிக்கட்டியால் கை கழுவ முடியாது, உருக வேண்டும். எதிரியின் வாள்முனையிலோ சொந்தக் கையிலோ வெற்றி ஆசையிலோ மனம் ஒட்டி நின்றுவிட்டால் அது உறைந்த மனம். அது வேறிடத்துக்கு ஓடாது. எங்கும் நிற்காத மனம்தான் எங்கும் இருக்கும். வாள்முனையை முறைத்துக்கொண்டிருப்பவனுக்கு எதிரியின் கால் நகர்வது தெரியாமல் போவதை நீங்களே பரிசோதிக்கலாம். இதுவும் செய்முறைதான்.

மென்மையைப் பற்றியும் ஒரு மரக்கதை இருக்கிறது. நாகசாகியில் வாழ்ந்த அகியாமா என்ற மருத்துவர், பனி பொழிந்தபோது விறைத்த மரங்களின் கிளைகள் முறிய, வில்லோ மரத்தின் தளிர்க்கிளை மட்டும் வளைந்து பனியை உதறிவிட்டு நிமிர்வதைக் கண்டார். அதிலிருந்து யோஷின் பள்ளியின் ஜூஜுத்ஸு பிறந்தது என்பது மரபு. அந்தப் பள்ளியின் வழிவந்த ஒரு கிளையில் பயின்றவர்தான் கானோ ஜிகோரோ. 1882இல் தோக்கியோவின் எய்ஷோஜி கோயிலில், பன்னிரண்டு பாய் விரிக்கும் இடத்தில் அவர் ஜூடோவைத் தொடங்கினார்.

வில்லோவின் வாரிசு என்பதால் கானோ அந்தக் குறியீட்டைக் கும்பிடவில்லை, கேள்வி கேட்டார். பின்னாலிருந்து ஒருவன் இறுகக் கட்டிப்பிடித்தால் எங்கே வளைந்துகொடுப்பது? வளைந்துகொடுத்தால் இன்னும் இறுகும். அந்த இடத்தில் எதிர்விசை தேவை. ஆகவே விட்டுக்கொடுப்பது ஒரு வழி மட்டுமே, உள்ள வலிமையை மிகச் சிறப்பாகப் பயன்படுத்துவதே முழுக் கொள்கை என்று அவர் ஜூடோவுக்குப் புதிய விளக்கம் தந்தார். இன்று நான் பெயர் சொன்ன ஆசிரியர்களுள் என் மதிப்பில் கானோவே முதலிடம். படிமம் எங்கே பொருந்தவில்லை என்று பார்த்துச் சொல்லும் துணிவு அவரிடம் இருந்தது.

கொரியாவைப் பற்றி இங்கிருக்கும் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். டேக்வாண்டோ பழகுகிறவர்கள் தேகுக் என்ற பயிற்சி வரிசைகளை ஒன்று முதல் எட்டு வரை செய்வீர்கள். 1970களில் வடிவமைக்கப்பட்டவை அவை. பழைய ‘யி ஜிங்’ நூலின் அதே எட்டுக் குறிகள்தான் அந்த எட்டும். முதலாவது வானம், இரண்டாவது ஏரி, மூன்றாவது நெருப்பு, நான்காவது இடி, ஐந்தாவது காற்று, ஆறாவது நீர், ஏழாவது மலை, எட்டாவது நிலம். தென்கொரியக் கொடியின் நான்கு மூலைகளில் இருப்பவை இவற்றுள் நான்கு: வானம், நிலம், நீர், நெருப்பு. நீங்கள் முன்னே போய், திரும்பி, பக்கவாட்டில் நடக்கும் தடம் தரையில் அந்தந்தக் குறியின் மூன்று கோடுகளை வரைகிறது. கறுப்பு பெல்ட்டுக்கு மேலே ‘ஹான்சு’ என்றொரு வரிசை உண்டு. அதன் தடம் நீர் என்ற சீன எழுத்தின் வடிவம். சென்னையிலோ மதுரையிலோ ஒரு மொட்டைமாடியில் நூறு முறை இந்தக் கோடுகளை நடந்த பிள்ளைக்கு, தான் நடந்தது நெருப்பு என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பேச்சைத் தொடங்கிய கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். தண்ணீராக இருப்பது எப்படி? ஷிங்யீ சொல்லும் தண்ணீர் கீழிருந்து முறுகி எழும் முஷ்டி. முசாஷி சொல்லும் தண்ணீர் இடத்துக்கு ஏற்ப மாறும் வாள்பிடி. தக்குவான் சொல்லும் தண்ணீர் எங்கும் ஒட்டாத கவனம். ஒரே நீர், மூன்று பாடம். ஆசிரியர் எந்த நீரைச் சொல்கிறார் என்று தெரியாமல் நீராக முடியாது. இயற்கைக்குச் சண்டை தெரியாது. மழைக்கும் மலைக்கும் நம்மோடு வழக்கு எதுவும் இல்லை. அவற்றிலிருந்து வேகம், திசை, இளக்கம், நிதானம் ஆகியவற்றை எடுத்துத் தம் மாணவர்களின் உடம்பில் ஏற்றியது மனிதர்களின் உழைப்பு. அந்த உழைப்புக்குத்தான் நாம் மரியாதை செய்ய வேண்டும்.

ஆகவே என் வேண்டுகோள் இரண்டு. பயிற்சி தரும் மாஸ்டர்களுக்கு: வரிசையைச் சொல்லித்தரும்போது அதன் பெயரையும் பொருளையும் சேர்த்தே சொல்லிக்கொடுங்கள், பெல்ட் தேர்வில் அதையும் கேளுங்கள். மாணவர்களுக்கு: மாஸ்டர் நீரைப் போல இரு, மலையைப் போல நில் என்றால் தலையாட்டிவிட்டு வராதீர்கள். எந்தக் கால், எந்தத் திசை, எந்த நேரம் என்று பணிவோடு கேளுங்கள். பதில் கிடைத்தால் அந்த வகுப்பில் தொடருங்கள். கிடைக்கவில்லை என்றால் வேறு வகுப்பு தேடுங்கள்.